பட்டாளத்திலிருந்து ஓடி வந்தவர்

போன மாதம் ஒரு மதியம் ஜாஸ்மின் போனில் கூப்பிட்டாள். பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் நான் பார்த்துவந்த சமூகப் பணியாளர் வேலையை இப்போது பார்ப்பவள். குரலிலேயே எரிச்சல் தெரிந்தது.

“அண்ணாச்சி, ஒருத்தரு வந்திருக்காரு. வேலை பாத்த இடத்துல ரெண்டு ஆம்பளைங்க அவரை நாசம் பண்ணிப்புட்டானுவ. ஸ்டேஷன்ல போய்ச் சொன்னா, ஆம்பளைக்குன்னு அப்படி ஒரு பிரிவே இப்ப இல்லங்காவ. அடிதடின்னு வேணும்னா எழுதிக்கிடலாம்ங்காவ. நான் இவரை எங்கன அனுப்பட்டும்?”

அவள் சொன்னது சரிதான். பழைய தண்டனைச் சட்டத்தில் இதற்கு அரைகுறையாக ஒரு பிரிவு இருந்தது. புதிய சட்டத்தில் அதுவும் போய்விட்டது.

“முதல்ல எங்கயும் அனுப்பாத. உக்கார வை” என்றேன்.

அதன் பிறகு வேண்டியதை அவளே செய்துகொண்டாள். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை பிரிவில் வேலை பார்க்கும் இளையவர்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து, “உங்க காலத்துல வந்த அந்த மிலிட்டரிக்காரரு விஷயத்தை எழுதுங்க அண்ணாச்சி. எங்களுக்கு வேணும்” என்று கேட்டாள். நான் சம்பந்தப்பட்டவருக்குப் போன் செய்து சம்மதம் கேட்டேன். “பேரை மட்டும் மாத்திப் போடுங்க சார்” என்றார். பெயர்களையும் ஊரையும் மாற்றியிருக்கிறேன். மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடிதான்.

நான் இந்த வேலைக்கு வந்ததில் பெரிய லட்சியம் எதுவும் இல்லை. மதுரையில் சமூகப்பணி படித்தேன். வங்கித் தேர்வு எழுதித் தேறவில்லை. இங்கே இடம் காலி என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்தேன், கிடைத்தது. திருநெல்வேலி டவுனில் எங்கள் சொந்தக்காரர்கள் எல்லாரும் வாத்தியார், தாசில்தார் ஆபீஸ் என்று இருந்தவர்கள். மகன் மனநோயாளிகளோடு வேலை பார்க்கிறான் என்பதை என் அம்மை கொஞ்ச காலம் அக்கம்பக்கத்தில் சொல்லாமலே இருந்தாள். படிப்பு எனக்குக் கற்றுக்கொடுத்தது கொஞ்சம். மிச்சத்தை எங்கள் பிரிவின் தலைமை மருத்துவர் பிலோமினாவிடம் கற்றேன்.

டாக்டர் பிலோமினா கடற்கரைக்காரர். அவர் அப்பா தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. யாரையும் “பயப்படாதீங்க” என்று சொல்லமாட்டார். “பயம் வரும். வந்தா சொல்லுங்க” என்பார். ஓர் அறைக்குள் நோயாளி உட்கார்ந்திருந்தால், அது தன் சொந்த அறையே ஆனாலும், கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போவார். நான் சேர்ந்த புதிதில் இது எனக்கு வேடிக்கையாக இருந்தது. ஒருநாள் கேட்டேன். “உள்ள இருக்கவங்கள்ல பாதிப் பேருக்கு, யாரோ தட்டாம உள்ள வந்ததாலதான் இந்த நிலைமை” என்றார்.

நாற்காலிகள் விஷயத்தில் அவர் கறார். நோயாளியின் நாற்காலி கதவைப் பார்த்து இருக்க வேண்டும். அவருக்கும் கதவுக்கும் நடுவில் நாம் உட்காரக் கூடாது. அவர் முதுகுக்குப் பின்னால் சுவர்தான் இருக்க வேண்டும், ஆள் நடமாடக் கூடாது. பேச ஆரம்பிக்கும்போது பேனா கையில் இருக்கக் கூடாது. ‘ஏன்’ என்ற வார்த்தையில் கேள்வி தொடங்கவே கூடாது. “ஏன்னு கேட்டா அது விசாரணை. என்ன நடந்துச்சுன்னு கேளுங்க” என்பார். எல்லாவற்றையும் விட, நடந்ததற்கு நாமாக ஒரு பெயர் வைக்கக் கூடாது. நோயாளி என்ன சொல் சொல்கிறாரோ அந்தச் சொல்லைத்தான் நாமும் சொல்ல வேண்டும்.

இசக்கிமுத்து எங்கள் பிரிவுக்கு அடிதடிக்காரராகத்தான் வந்தார்.

சேரன்மகாதேவிப் பக்கத்து ஊர். வயது முப்பத்தைந்து இருக்கும். வாழைத்தார் ஏற்றும் வண்டி ஓட்டுகிறவர். பல வருஷமாக மலம் கழிக்கும்போது ரத்தம் போயிருக்கிறது. மூலம் என்று சொல்லிச் சமாளித்து வந்தவர், நிற்கவே முடியாமல் போன பிறகு மனைவி செல்வியின் வற்புறுத்தலால் அறுவைசிகிச்சைப் பிரிவுக்கு வந்திருக்கிறார். அங்கே பரிசோதனை மேஜையில் ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார்கள். மாட்டேன் என்றிருக்கிறார். கூட்டம் அதிகமான நாள். உதவியாளர் ஒருவர் பின்பக்கமாக வந்து தோளை அழுத்திப் பிடித்திருக்கிறார். அடுத்த நிமிஷம் உதவியாளரின் மூக்கு உடைந்துவிட்டது. காவலாளிகள் வந்து பிடித்து, ‘மூர்க்கமாக நடந்துகொள்கிறார்’ என்று சொல்லி எங்களிடம் கொண்டுவந்து விட்டார்கள்.

நான் பார்த்தபோது அவர் மூர்க்கமாக எல்லாம் இல்லை. சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. “அந்தாளுக்கு ரொம்ப அடியா சார்?” என்பதுதான் என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

செல்வியிடம் தனியாகப் பேசினேன். குழந்தைகள் இல்லை, கல்யாணமாகி ஆறேழு வருஷம் என்றாள். கணவரைப் பற்றிக் குறையாக ஒன்றும் சொல்லவில்லை.

“இவிய குடிக்கமாட்டாவ சார். வையமாட்டாவ. தூக்கத்துல மட்டும் கத்துவாவ. முடி வெட்டக் கடைக்குப் போவமாட்டாவ. கண்ணாடியைப் பாத்துத் தானே வெட்டிக்கிடுவாவ. பின்னால யாரும் நின்னா ஆவாது. நானே பைய கூப்பிட்டுட்டுத்தான் பக்கத்துல போவேன்.” கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள். “பட்டாளத்துல இருந்து ஓடி வந்தவுகன்னு ஊர்ல பேசுதாவ. அதைத் தெரிஞ்சுதான் கட்டிக்கிட்டேன். ஏன் ஓடி வந்தாவன்னு கேட்டா மட்டும் எந்திரிச்சுப் போயிருவாவ.”

டாக்டரிடம் இதைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அவசரப்பட வேண்டாம். ரத்தம் போறதுக்கு மட்டும் மருந்து குடுப்போம். வாரா வாரம் வரச் சொல்லுங்க” என்றார்.

வந்தார். சில வாரங்கள் தூக்கத்தைப் பற்றி மட்டுமே பேசினோம். சில வாரங்கள் வாழை விலை, வண்டி, மழை. டாக்டர் ஒருமுறை கூடப் பட்டாளத்தைப் பற்றிக் கேட்கவில்லை. ஆனால் ஒருநாள், எல்லாரிடமும் கேட்கிற சாதாரணக் கேள்வி போல, “சில ஆம்பளைங்களுக்கு அவங்க சம்மதம் இல்லாம உடம்புல தொந்தரவு நடந்திருக்கும். நான் அப்படி நிறையப் பேரைப் பாத்திருக்கேன். உங்களுக்கு அப்படி ஏதாவது நடந்திருந்தா எப்ப வேணும்னாலும் சொல்லலாம். சொல்லாமலும் இருக்கலாம்” என்றார்.

இசக்கிமுத்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “ஆம்பளைங்களுக்குமா?” என்றார்.

“ஆமா.”

“நிறையப் பேரா?”

“ஆமா.”

அன்று அவ்வளவுதான். எழுந்து போய்விட்டார். அடுத்த வாரம் அவராகவே நேரத்துக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார்.

அவர் சொன்னதில் இங்கே எழுத வேண்டியதை மட்டும் எழுதுகிறேன். பத்தொன்பது வயதில் சேர்ந்திருக்கிறார். அப்பா சுப்பையா பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். மகனை விடியற்காலையில் ஆற்றங்கரையில் ஓடவிட்டுப் பழக்கி அனுப்பியதே அவர்தான். பயிற்சி முடிந்து வடக்கே ஒரு முகாமில் போட்டார்கள். அங்கே இவருடைய படுக்கைக்கு நாலு கட்டில் தள்ளி ஒரு மூத்த சிப்பாய் இருந்தான். இந்தி தெரியாத பையனுக்குச் சாப்பாடு எடுத்து வைப்பான், துப்பாக்கி துடைக்கச் சொல்லிக்கொடுப்பான். ‘அவன்’ என்றுதான் இசக்கிமுத்து கடைசிவரை சொன்னார், பெயரைச் சொல்லவில்லை. ஸ்டோர் அறையில் ஒருநாள் ‘அது’ நடந்தது. பிறகும் நடந்தது. ‘அது’ என்பதுதான் அவர் வைத்த சொல். நாங்களும் அப்படியே சொன்னோம்.

ஒரு மேலதிகாரியிடம் போய்ச் சொல்லியும் இருக்கிறார். இருந்த அரைகுறை இந்தியில்.

“என்னை ஏற இறங்கப் பாத்தாரு சார். நீ ஆம்பளைதானே, உனக்குக் கை கால் இல்லையான்னு கேட்டாரு. இதை எழுதிக் குடுத்தா ரெண்டு பேரு மேலயும்தான் நடவடிக்கை வரும், ரெண்டு பேரும் அசிங்கம் பண்ணுனதாத்தான் எழுதுவாவ, யோசிச்சுக்கோன்னாரு. பக்கத்துல நின்னவன் சிரிச்சான்.”

அன்று இரவே ஊருக்கு ரயில் ஏறிவிட்டார்.

வீட்டுக்கு வந்தவரிடம் அப்பா காரணம் கேட்டார். சொல்ல முடியவில்லை. கஷ்டமாக இருந்தது என்று மட்டும் சொன்னார். சுப்பையா மகனை அடிக்கவில்லை, வையவில்லை. மறுநாளே இரண்டு டிக்கெட் எடுத்து, தானே கூடப் போய், மகனை அதே முகாமில் ஒப்படைத்துவிட்டு வந்தார்.

இதைச் சொல்லும்போதுதான் இசக்கிமுத்து முதல்முறையாக அழுதார். தனக்கு நடந்ததைச் சொன்னபோது அழவில்லை. “எங்கப்பா நல்லதுன்னு நெனைச்சுத்தான் சார் செஞ்சாரு. அவருக்கு இது தெரியவே கூடாது. தாங்கமாட்டாரு” என்றார்.

சில மாதங்கள் கழித்து மறுபடியும் ஓடினார். இந்த முறை ஊருக்கு வரவில்லை. திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் வருஷக்கணக்காக இருந்தார். உள்ளூர்க் காவல்காரர்கள் வீட்டுக்கு வந்து விசாரித்துப் போனார்கள். பிறகு பணிநீக்கம். பல வருஷம் கழித்து அம்மா சாகக் கிடக்கிறாள் என்று கேள்விப்பட்டு ஊர் திரும்பியபோது அப்பா அவரோடு பேசவில்லை. அம்மா செத்த பிறகும் பேசவில்லை. ஒரே தெருவில் இரண்டு வீடு. பண்டிகைக்குச் செல்வி பலகாரம் கொண்டுபோனால் வாங்கிக்கொள்வார், அவ்வளவுதான்.

என் வேலை மருத்துவம் அல்ல. ஆஸ்பத்திரிக்கு வெளியே ஒருவருக்கு என்னென்ன உதவி இருக்கிறது என்று தேடிப் பிடித்துச் சேர்த்துவிடுவதுதான் என் வேலை. கணவன் அடித்தால், மாமனார் கெடுத்தால், குழந்தைக்குத் தீங்கு நடந்தால் யாரை எந்தக் கதவில் தட்ட வைக்க வேண்டும் என்று எனக்கு மனப்பாடம். இசக்கிமுத்துவுக்காகத் தேடியபோதுதான் என் மனப்பாடத்தில் இருந்த ஒரு கதவும் அவருக்குத் திறக்காது என்று தெரிந்தது.

வன்முறையால் பாதிக்கப்பட்டவர்களுக்கான ஆலோசனை மையத்துக்குப் போன் செய்தேன். எடுத்த பெண் பரிவாகத்தான் பேசினாள். “பாதிக்கப்பட்ட பெண்ணோட பேரு சொல்லுங்க சார்” என்றாள். ஆண் என்றேன். “சின்னப் பையனா?” இல்லை, வளர்ந்த ஆள் என்றேன். “எங்களுக்கு அதுக்கு அனுமதி இல்லையே சார்” என்றாள். பாவம், அவள் என்ன செய்வாள்.

முன்னாள் படைவீரர்களுக்கான அலுவலகம் ஒன்றில் விசாரித்தேன். ஓடிப்போய்ப் பணிநீக்கம் ஆனவர் முன்னாள் படைவீரர் ஆகமாட்டார். ஆகவே பென்ஷன் மட்டுமல்ல, அவர்களுடைய மருத்துவ உதவியும் இல்லை. ஓடியதற்கு ஒரு காரணம் இருந்தால், என்று கேட்டேன். “காரணத்தை அப்பமே அங்கன சொல்லியிருக்கணும்லா” என்றார் அங்கிருந்தவர். எனக்குத் தெரிந்த வக்கீலிடம் போனேன். பொறுமையாகக் கேட்டார். சட்டத்தில் அப்போது பிரிவு இருந்தது. ஆனால் பட்டாளத்தில் நடந்தது, எங்கோ வடக்கே, சாட்சி கிடையாது, இத்தனை வருஷம் ஆயிற்று, போதாக்குறைக்கு இவர் ஓடிப்போனவர். “நம்ம ஆளைத்தான் நாறடிப்பாவ அண்ணாச்சி” என்றார்.

டாக்டரிடம் வந்து எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்சம் கோபமாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். அவர் கேட்டுவிட்டு, “சரி. நம்ம கையில இருக்கிறது அவர் உடம்பு. அதுல இருந்து ஆரம்பிப்போம்” என்றார்.

அறுவைசிகிச்சைப் பிரிவில் பொறுமையான ஓர் இளம் மருத்துவரை அவரே போய்ப் பார்த்துப் பேசினார். என்ன நடந்தது என்று சொல்லவில்லை. “இந்த நோயாளியைத் தொடுறதுக்கு முன்னால சொல்லிட்டுத் தொடணும். கையை உயர்த்தினா நிறுத்தணும். பின்னால யாரும் நிக்கக் கூடாது” என்று மட்டும் சொன்னார். அன்றைய நோயாளிகள் எல்லாரும் போன பிறகு, கதவைத் தாழிடாமல், திரையை மட்டும் இழுத்துவிட்டு, நான் இசக்கிமுத்துவின் முகத்துக்கு நேரே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன். முதல் நாள் மேஜையில் படுத்து எழுந்ததோடு சரி. அடுத்த முறை பாதியில் கையை உயர்த்தினார். மருத்துவர் நிறுத்திவிட்டுக் கையுறையைக் கழற்றினார். இசக்கிமுத்து அவரை ஆச்சரியமாகப் பார்த்தார். “நிறுத்திட்டாரு சார்” என்று என்னிடம் சொன்னார். அதற்கடுத்த முறை பரிசோதனை முடிந்தது. ஆசனவாயில் பழைய பிளவு, ஆறாமலே இருந்து வந்திருக்கிறது. ஆபரேஷன் செய்தால் சரியாகும் என்றார்கள்.

ஆபரேஷன் என்றதும் செல்வி பயந்துபோய் மாமனாரிடம் சொல்லிவிட்டாள். ஆபரேஷன் அன்று காலை நான் வார்டுக்கு வந்தால், தேய்த்த வெள்ளைச் சட்டையும் ஒட்ட வெட்டிய நரைமுடியுமாக ஒருவர் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தார்.

“நான் ஹவில்தார் சுப்பையா. இவன் அப்பா” என்றார். “மூலத்துக்கு எதுக்கு மனநல டாக்டரு? இவனுக்கு என்ன செய்யுது? பட்டாளத்துல ஒழுங்கா இருந்திருந்தா மிலிட்டரி ஆஸ்பத்திரியிலயே ராஜ வைத்தியம் பாத்திருப்பாவ. ஓடி வந்த பயலுக்கு யாரு பாப்பா?”

நான், அதை உங்கள் மகனிடம்தான் நீங்கள் கேட்க வேண்டும் என்றேன். அது எங்களுடைய விதி. சொல்லும் உரிமை அவருடையது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்று நாளும் சுப்பையா வார்டு வராந்தாவில் இருந்தார். மகனோடு பேசவில்லை. ஆனால் போகவும் இல்லை. வீட்டுக்கு அனுப்புகிற அன்று இசக்கிமுத்து என்னைக் கூப்பிட்டார்.

“அப்பாகிட்ட சொல்லிருதேன் சார். டாக்டரம்மா ரூம்ல வச்சுச் சொல்லுதேன். நீங்களும் இருங்க.”

“கட்டாயம் இல்ல இசக்கி” என்றேன்.

“தெரியும் சார்.”

டாக்டர் நாற்காலிகளை அவரே போட்டார். அப்பாவும் மகனும் பக்கம் பக்கமாக, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டிய அவசியம் இல்லாமல். இசக்கிமுத்து தரையைப் பார்த்தபடி, எங்களிடம் பல வாரமாகச் சொன்னதைச் சுருக்கமாகச் சொன்னார். சுப்பையா முழங்கால் மேல் வைத்த இரண்டு கைகளும் அப்படியே இருந்தன.

மகன் முடித்த பிறகு கேட்டார். “நான் உன்னைக் கொண்டு விட்டேனே. அன்னைக்கு அவன் அங்கன இருந்தானா?”

“இருந்தான்ப்பா.”

“எவன்?”

“உங்களுக்கு டீ வாங்கிட்டு வந்தானே. ஸ்டேஷன் வரைக்கும் உங்க பையைத் தூக்கிட்டு வந்தானே.”

சுப்பையாவின் முகம் மாறியதை நான் இங்கே விவரிக்க விரும்பவில்லை. “நல்ல பயலா இருக்கான், நம்ம பிள்ளையைப் பாத்துக்கிடுவான்னு உங்க அம்மைகிட்ட வந்து சொன்னேனேலே” என்றார். “அவன் கையால வாங்கிக் குடிச்சேனேலே.”

எழுந்து வராந்தாவுக்குப் போனார். நான் பின்னால் போகப் பார்த்தேன். டாக்டர் வேண்டாம் என்று தலையசைத்தார். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தவர், மகன் முன்னால் வந்து நின்று, இசக்கிமுத்து பார்க்கும்படியாகக் கையை நீட்டினார். ஒரு வார்த்தை நாங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை. முன்னால் வந்து நிற்க வேண்டும் என்று அவருக்கு எப்படித் தெரிந்ததோ.

“எந்திரிய்யா. வீட்டுக்குப் போவோம்” என்றார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதிவிட எனக்கும் ஆசைதான். பணிநீக்கத்தை மாற்றச் சொல்லி அப்பாவும் மகனுமாக மனுப் போட்டார்கள். காலம் கடந்துவிட்டது என்று திரும்பி வந்தது. மறுபடி போட்டார்கள், பதிலே வரவில்லை. அவன் மீது எந்த நடவடிக்கையும் இல்லை. இந்நேரம் பதவி உயர்வோடு ஓய்வு பெற்று எங்கேயாவது நன்றாக இருப்பான். இசக்கிமுத்து இப்போதும் சில இரவுகளில் கத்துகிறாராம். ஆனால் வலி இல்லை, ரத்தம் இல்லை. தங்கள் மகளுக்கு நாலு வயது என்று செல்வி போனில் சொன்னாள்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால், ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு ஊரில், ஓய்வு பெற்ற பட்டாளத்துக்காரர்கள் மாதம் ஒருமுறை கூடுகிற கூட்டத்தில் மன அழுத்தத்தைப் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டார்கள். கல்யாண மண்டபம். அறுபது, எழுபது வயதுக்காரர்கள்தான் அதிகம். தூக்கம், குடி, கோபம் என்று பேசிவிட்டு, டாக்டர் பிலோமினா செய்வதைப் போலவே, சாதாரணமாக, ஆண்களுக்கும் அத்துமீறல் நடப்பதுண்டு, முகாம்களிலும் நடப்பதுண்டு, அதைச் சொல்லிக்கொள்ள எங்கள் பிரிவுக்கு வரலாம் என்றேன்.

முன்வரிசையில் ஒருவர் சிரித்தார். “என்னவே இது, பட்டாளத்துக்காரன்கிட்டப் பேசுத பேச்சா? அப்படி நடந்தா அவன் ஆம்பளையாவே? ஓடி வாரதுக்கு ஒரு சாக்கு வேணும்லா” என்றார். இன்னும் சிலர் சிரித்தார்கள். ஒருவர் பின்னால் திரும்பி சுப்பையா இருந்த பக்கம் பார்த்தார். அவர் அங்கே இருப்பது எனக்கு அப்போதுதான் தெரியும்.

சுப்பையா எழுந்தார்.

“என் மவனைப் பத்தித்தானே சிரிக்கீய. அவன் ஓடி வரல. தப்பிச்சு வந்தான். நான்தான் திருப்பிக் கொண்டு விட்டேன். அப்பமும் தப்பிச்சான்.”

“எதுல இருந்துவே தப்பிச்சான்?” என்றார் சிரித்தவர்.

“அதை அவன் சொல்லணும்னு நெனைச்சா சொல்லுவான். உமக்கு நான் சொல்லமாட்டேன்” என்று சொல்லிவிட்டு சுப்பையா உட்கார்ந்தார். அதற்கப்புறம் ஒருவரும் சிரிக்கவில்லை. செயலாளர் அவசரமாக நன்றி சொல்லிக் கூட்டத்தை முடித்தார். எல்லாரும் சாப்பாட்டுப் பந்திக்குப் போனார்கள்.

நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் ஒருவர் வந்து நின்றார். எழுபதைத் தாண்டிய வயது. கையில் ஊன்றுகோல். சட்டையில் பழைய பதக்கங்களின் பட்டை குத்தியிருந்தது. என் முகத்தைப் பார்க்காமல், தானும் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டே கேட்டார்.

“உங்க ஆஸ்பத்திரிக்கு எந்தக் கிழமை வரணும் தம்பி?”

“எந்தக் கிழமைன்னாலும் வாங்க அண்ணாச்சி” என்றேன்.

“கூட யாரையும் கூட்டிட்டு வரணுமா?”

“வேண்டாம். தனியாவே வரலாம்.”

தலையை ஆட்டினார். செருப்பைப் போட்டுக்கொண்டு, பந்திக்குப் போகாமல், வாசலைப் பார்த்துப் பைய நடந்தார்.